மஞ்சள் விலை தேடும் குட்டித் தேடுபொறி: வகுப்பில் கட்டும் முறை

கோவை, ஈரோடு பக்கக் கல்லூரிகளில் தேடுபொறிப் பாடம் நடத்துபவர்கள் ஆங்கிலக் கோப்புகளை ஓரங்கட்டலாம். உள்ளூர்த் தமிழ்ச் செய்திகள் 200 போதும். ஈரோட்டு மஞ்சள், பொள்ளாச்சித் தேங்காய், திருப்பூர்ப் பனியன் எல்லாம் கலந்திருக்கட்டும்.

முதல் வேலை, அத்தனையையும் யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது ஒரே எழுத்தை எப்போதும் ஒரே மாதிரிக் குறிகளால் எழுதும் வடிவத்துக்கு, மாற்றுவது. 'கொ'வின் கொம்பும் காலும் சில கோப்பில் ஒரே குறியாகவும், சிலவற்றில் இரண்டாகவும் கிடக்கும். மாற்றாவிட்டால் 'கொப்பரை' பாதி ஆவணங்களில் சிக்காது.

சொல் பிரிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான ரீஜெக்ஸ் (எழுத்து வடிவம் தேடும் முறை) சொல்குறி \w, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகவே மதிக்காது. 'மஞ்சள்' 'மஞ', 'சள' என்று உடையும். இடைவெளியிலும் நிறுத்தக்குறியிலும் மட்டும் வெட்டுங்கள்.

அடுத்து வேர்ச்சொல். 'ஈரோட்டில்', 'ஈரோட்டுக்கு' இரண்டும் 'ஈரோடு' என்றாக வேண்டும். உருபை நீக்கி 'ட்டு'வை 'டு' ஆக்கினால் சரிதான், ஆனால் 'பட்டில்' வந்தால் 'படு' ஆகிவிடும். விதிவிலக்குப் பட்டியல் வைத்தே தீர வேண்டும். குறையில்லாத விதிக்காக மெனக்கெட வேண்டாம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அது வந்த ஆவணத்தின் எண், வந்த தடவை இரண்டையும் தலைகீழ் அட்டவணையில் (சொல்லிலிருந்து ஆவணத்துக்குப் போகும் பட்டியல்) எழுதுங்கள். தரவரிசைக்கு பிஎம்25 (BM25) என்ற மதிப்பெண் சூத்திரம்; தொடக்கத்தில் கே1 (சொல் திரும்ப வருவதன் தாக்கம்) 1.2, பி (ஆவண நீளத்தின் தாக்கம்) 0.75.

சோதனைக்கு, 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் வகுத்த வழி இன்றும் நல்லது; அதை ஒட்டி: 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஆவணங்கள், முதல் 10 விடைகளில் சரியானவை எத்தனை என்ற கணக்கு. 'மஞ்சள் விலை' தேடினால் மஞ்சள் நிறப் பனியனின் விலையும் வந்து நிற்கும், அதற்கு 0. மாணவர்கள் தரவரிசையைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடக்கூடாது. விடைகளைக் கலைத்துக் கொடுங்கள்.