கடலோரத்தில் துணி சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைக்கத் தெரிந்த எந்த வீட்டிலும் துணி குவியாமல் இருக்காது. ரவிக்கை வெட்டிய மிச்சம், சுடிதார் தைத்ததில் நின்ற அரை மீட்டர், துபாயிலிருந்து வந்தவர் பெட்டியில் கிடந்த பூப்போட்ட காட்டன், எமனேஸ்வரத்துத் தறிக்காரர் வீட்டில் கேட்டு வாங்கிய துண்டு, அம்மாவின் சுங்குடிச் சேலை. இதோடு குயில்ட் தைக்கிற பழக்கமும் வந்துவிட்டால், அதாவது துண்டுகளை ஒட்டி இரண்டு மூன்று அடுக்காக விரிப்பு தைக்க ஆரம்பித்துவிட்டால், அவ்வளவுதான், ஒரு சாண் துணியைக்கூடத் தூக்கிப்போட மனசு வராது. வீட்டுக்கு வரும் மதினி "இம்புட்டுத் துணிய வச்சு என்னதான் செய்யப் போற?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. கீழக்கரை, பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டி இருக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே துணி வைக்க வைக்கக் கெடும். குளிர்நாட்டுக்காரர்கள் காணொளியில் காட்டுகிற மாதிரி வண்ண வாரியாக அடுக்கிப் பத்து வருடம் அழகு பார்க்க நம் காற்று விடாது. எனவே தைத்துத் தீர்க்கிற வேகத்துக்குத்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குக் குறுக்கே நிற்கிற தவறுகளைப் பார்ப்போம்.

முதலில் தண்ணீர், ஏனென்றால் பாதிக் கேடு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் பக்கம் நிறைய வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் துணியை அலசிக் காயவைத்து அப்படியே மடித்து வைத்தால், நூலுக்குள் தங்கிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்த துணிதானே என்று நினைப்பீர்கள், ஐப்பசி மழையில் பெட்டியைத் திறந்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். சோப்பும் உப்புத் தண்ணீரில் சரியாக நுரைக்காது, அதன் படிவும் துணியிலேயே நின்றுவிடும். எல்லாத் துவைப்பையும் குடிநீரில் செய்யச் சொல்லவில்லை, அதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது. சேர்த்து வைக்கப் போகிற துணிக்கு மட்டும் கடைசி அலசலை நல்ல தண்ணீரில் கொடுங்கள், மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது. அப்புறம் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று அடிக்கிற மொட்டைமாடியில் காயப்போடாதீர்கள், காலையிலேயே போட்டு எடுத்துவிடுங்கள். எடுத்த சூட்டோடு பெட்டிக்குள் வைக்காமல் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் ஆறவிட்டு மடியுங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக் கவர். தூசி வராது, பூச்சி வராது என்று ஜவுளிக்கடைப் பையிலேயே கட்டி வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. காற்றில் ஈரம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும், நம் கடலோரத்தில் பெரும்பாலான நாள் அதற்கு மேல்தான் இருக்கும். அந்த ஈரத்தோடு சேர்த்துக் கட்டிய பை, பூஞ்சைக்கு நாமே கட்டிக் கொடுத்த வீடு. பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டுங்கள், அல்லது மர அலமாரியில் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் சற்றுத் தள்ளி வையுங்கள். இரும்பு பீரோ, ட்ரங்குப் பெட்டி என்றால் உள்ளே முழுக்க வெள்ளைத் துணி விரித்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். துருக் கறை பார்க்க அசிங்கம் என்பதோடு விஷயம் முடியாது, துரு ஏறின இடத்தில் பருத்தி நூல் இற்றுப்போய்க் கடைசியில் ஓட்டை விழும். குண்டூசி, சேப்டி பின் குத்தி விலைச்சீட்டோடு கிடக்கிற துண்டுகளையெல்லாம் இன்றைக்கே கழற்றிவிடுங்கள். துருக் கறைக்கு பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறு தடவிச் சிறிது நேரம் விட்டு அலசினால் புதுக் கறை ஓரளவு போகும்.

கஞ்சி போட்ட துணியைச் சேமிப்பில் வைப்பதும் தவறுதான். அந்த மாவு வெள்ளிமீன் பூச்சிக்கும் கரப்பானுக்கும் சாப்பாடு. பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையை அள்ளிப் போடுகிறோமே, அது வேறு ஆபத்து. குழந்தைக்குத் தைக்கப் போகிற துணியில் அந்துருண்டை வாடையே இருக்கக் கூடாது. அதில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோய் விடும், அந்தக் குறைபாடு இருப்பது நிறையப் பேருக்குத் தெரிந்தே இருக்காது. வசம்பை ஒரு சின்னத் துணியில் முடிந்து வைத்தால் போதும். வேப்பிலை போடுவதானால் நன்றாகக் காய்ந்ததை முடிச்சாகப் போடுங்கள், பச்சையாகத் துணி மேல் தூவினால் கறை பிடிக்கும்.

சரி, பத்திரப்படுத்துவது இவ்வளவு. இனிப் பிரிப்பது. எல்லாரும் நிறத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கும், தைக்க உட்கார்ந்தால் உதவாது. முதலில் நூல் வகை, அதற்கடுத்து கனம், கடைசியில்தான் நிறம். பாப்ளின் ஒரு பக்கம், மல் போன்ற மெல்லிசு ஒரு பக்கம், ஜீன்ஸ், சோபாத் துணி தனி, பனியன் துணி முழுக்கத் தனி. மெல்லிசும் ஜீன்ஸும் ஒரே விரிப்பில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நாலைந்து துவைப்பில் மெல்லிசு தையலோரம் கிழிந்துகொண்டு போகும். பருத்தியா பாலியஸ்டரா என்று சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் நான்கு நூல் உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாடையோடு பொடிச் சாம்பலானால் பருத்தி, உருகிக் கெட்டி உருண்டையானால் பாலியஸ்டர். அபாயா தைத்த கருப்பு வெட்டுத் துணிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம். அதை அடுப்படியில் பாத்திரம் பிடிக்கிற துணியாக மட்டும் தைத்துவிடாதீர்கள், சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

சாயத்தைச் சோதிக்காமல் வெட்டுவதும் நிறைய நடக்கிறது. சுங்குடி, கைலி, அடர் சிவப்பு, கருநீலம் எதுவாக இருந்தாலும், ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால், சாயம் நிற்கிற வரை தனியாகத் துவைக்க வேண்டும், நிற்கவே இல்லையென்றால் அதை வெளிர் துணியோடு சேர்க்கக் கூடாது. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் கட்டிவிடும் என்கிறார்கள். கடையில் வாங்கும் பருத்திச் சாயத்தை அது கட்டாது. உப்பு போட்டால் கட்டும் என்றால் நம் போர் தண்ணீரில் துவைக்கிற எந்தத் துணியும் இதுவரை சாயம் போயிருக்கக் கூடாதே.

இனிமேல் சொல்வதுதான் கொஞ்சம் வலிக்கும். ஒரு விரிப்புக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு ஆள் படுக்கிற விரிப்பு, 72 அங்குல நீளம், 40½ அங்குல அகலம் என்று வையுங்கள். 5 அங்குலச் சதுரமாக வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்த பிறகு ஒவ்வொன்றும் 4½ அங்குலம். நீளத்துக்கு 16, அகலத்துக்கு 9, ஆக 144 சதுரம். 44 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டருக்கு 56 சதுரம் கிடைக்கும், அதனால் மேல்பக்கத்துக்கு 3 மீட்டர் போதும், அதிலும் மிச்சம் விழும். அடிப்பக்கத்துக்கு 2 மீட்டர். மொத்தமே 5 மீட்டர்தான், ஒரு சேலை நீளம்கூட இல்லை. பெட்டியில் 50 மீட்டர் கிடந்தால் அது பத்து விரிப்பு. ஆடித் தள்ளுபடியில் இன்னும் பத்து மீட்டர் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் தைத்து முடிக்க எது குறைகிறதோ அதை மட்டும் வாங்குங்கள், பெரும்பாலும் அது நல்ல நூலாகத்தான் இருக்கும். கடலோரத்தில் பழைய நூல்கண்டும் இற்றுப்போகும், தைப்பதற்கு முன் ஒரு முழம் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்.

அடிப்பக்கத்துக்கென்று புதுத் துணி வாங்குவது இதே கணக்கில் வருகிற தவறு. குவியலைத் தீர்க்கிற இடமே அதுதான். ஏன் வாங்கினோம் என்று தெரியாத அந்தப் பெரிய பூப்போட்ட துணி, யாரும் உடுத்தாமல் கிடக்கும் வெள்ளைத் துப்பட்டி, இரண்டு மூன்றை இணைத்து அடிப்பக்கம் ஆக்குங்கள், படுக்கிறவர் யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை. நடு அடுக்குக்குப் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு வாங்காதீர்கள், சித்திரை வைகாசியில் அதன் மேல் படுத்துப் பார்த்தால் காரணம் புரியும். இலவம் பஞ்சும் வேண்டாம், துவைத்ததும் ஒரு மூலையில் திரண்டுவிடும். நைந்த பருத்திச் சேலை ஒன்றில் இரண்டு அடுக்கு வரும், நம் ஊர் வெயிலுக்கு அதுவே சரி. நைந்தது என்றால் மெலிந்தது, இற்றது இல்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் கிழிகிற சேலையைக் கால்மிதிக்குக் கொடுத்துவிடுங்கள்.

வெட்டுத் துணிகளில் கைக்குழி, கழுத்து வளைவு எல்லாம் குறுக்கு வாட்டில் வந்தவை, தனியாகத் தைத்தால் இழுபட்டுக் கோணிக்கொள்ளும். பழைய வேட்டியை 8 அங்குலச் சதுரமாக வெட்டி, அதன் மேல் இந்தத் துண்டுகளை ஒன்றன் ஓரத்தில் ஒன்றாக வைத்துத் தைத்து, கடைசியில் சதுரத்துக்குச் சரியாக ஓரம் வெட்டிவிட்டால் எந்த வடிவத் துண்டும் உள்ளே போய்விடும். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தது எதையும் சேர்த்து வைக்காதீர்கள், தலையணைக்குள் அடைத்துவிடுங்கள்.

மேல்பக்கத்தை மட்டும் ஆசையாகத் தைத்து முடித்து, அடுக்கு வைக்கச் சோம்பல்பட்டு மடித்து வைப்பவர்கள் நம்மில் நிறைய. அப்படி நாலைந்து கிடந்தால் அதுவும் துணிக் குவியல்தான், மடிப்பில் நிறம் வெளுத்து அதுவும் கெடும். புரட்டாசி வெயில் இருக்கும்போதே அவற்றை எடுத்து அடுக்கு வைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் உட்கார்ந்து கையால் ஓட்டுத்தையல் போடலாம். ஓரம் மடித்துக் கட்டுவதற்குக் கடையில் நாடா தேட வேண்டாம், கைலித் துணியை இரண்டரை அங்குலப் பட்டையாகக் கிழித்தால் நேராக வரும்.