தைராய்டு, பிபி, கர்ப்பத்தடை மாத்திரை போடுறவங்க ரத்தம் கொடுக்கலாமா? மாத்திரை அட்டையை எடுத்துட்டு வாங்க

ரத்ததான கேம்ப்ல ஃபாரம் டேபிள்ல உக்கார ஆரம்பிச்சு எனக்கு ஆறேழு வருஷம் ஆச்சு. பேரு, வயசு, எடை எல்லாம் நிதானமா எழுதுறவங்க, "இப்போ ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா"ங்கிற கேள்விக்கு வந்ததும் பட்டுனு "இல்லை"ல டிக் அடிச்சுட்டு போயிடுவாங்க. பொய் சொல்லணும்னு இல்ல, தினமும் காலைல போடுற மாத்திரை பல்லு தேய்க்கிற மாதிரி பழகிப்போயிருக்கும், அது மருந்துன்னே தோணாது. இன்னொரு கூட்டம் இருக்கு, மாத்திரை போடுறோம்னா எடுக்கவே மாட்டாங்கன்னு தானாவே முடிவு பண்ணிட்டு கேம்ப் பக்கமே வராதவங்க. நான் அந்த ரெண்டாவது கூட்டத்துல ரொம்ப வருஷம் இருந்தவ.

எனக்கு ஹைப்போ தைராய்டு, அதாவது தைராய்டு ஹார்மோன் கம்மியா சுரக்குறது, அதுக்கு தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்ஸின் மாத்திரை. முதல் தடவை காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு கேம்ப்புக்கு ஆசையா போனேன், தைராய்டு மாத்திரைன்னு சொன்ன உடனே அங்க இருந்தவங்க நிமிர்ந்துகூட பாக்காம "முடியாதும்மா"ன்னுட்டாங்க, ஏன்னு கேக்க எனக்கும் தெரியல. அப்புறம் அஞ்சு வருஷம் போகவே இல்ல. ஒருநாள் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க பிரசவத்துக்கு அவசரமா ரத்தம் தேவைப்பட்டு எல்லாரும் ஓடுனப்போ நானும் ரத்த வங்கிக்கு போனேன், அங்க இருந்த டாக்டர் "டிஎஸ்ஹெச் எப்போ பாத்தீங்க, ரிப்போர்ட் இருக்கா"ன்னு கேட்டார், தைராய்டு கன்ட்ரோல்ல இருக்கான்னு பாக்குற ரத்த டெஸ்ட் அது. போன்ல இருந்ததை காட்டினேன், நார்மல். "அப்புறம் என்ன, படுங்க"ன்னார். அஞ்சு வருஷம் சும்மா இருந்துட்டோமேன்னு அன்னிக்கு எனக்கு வந்த வருத்தம்தான் இதை எழுத வைக்குது.

நம்ம நாட்டுல யார்கிட்ட ரத்தம் எடுக்கலாம், யாரை தள்ளி வைக்கணும்ங்கிறதுக்கு தேசிய ரத்த மாற்றுக் கவுன்சில் 2017ல வெளியிட்ட வழிகாட்டு விதி இருக்கு. நான் கீழ சொல்ற நாள் கணக்கெல்லாம் அதுல உள்ளதுதான். வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு அந்தந்த நாட்டு விதி வேற. அதோட கடைசி முடிவு எப்பவும் கேம்ப்ல உங்களை பாக்குற டாக்டரோடது, இதை படிச்சுட்டு போய் அவர்கிட்ட சண்டை போட வேண்டாம், ஆனா ஏன்னு தாராளமா கேளுங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. ரத்தம் கொடுக்கணும்ங்கிறதுக்காக எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க. "ரெண்டு நாள் பிபி மாத்திரை போடாம வந்திருக்கேன்மா, இப்போ எடுப்பீங்கல்ல"ன்னு ஒரு பெரியவர் வந்து நின்னார், பிபி பாத்தா எகிறிக்கிடக்கு. ஒழுங்கா போட்டுட்டு வந்திருந்தா அன்னிக்கு கொடுத்திருப்பார். விதி என்ன சொல்லுதுன்னா, மாத்திரை போட்டாலும் போடாட்டியும் மேல உள்ள நம்பர் 100 முதல் 140க்குள்ள, கீழ உள்ளது 60 முதல் 90க்குள்ள இருக்கணும், கடந்த 4 வாரத்துல மாத்திரையோ அதோட அளவோ மாறியிருக்கக்கூடாது, தலைசுத்தல் மயக்கம் இருக்கக்கூடாது. சுகருக்கும் அதே கதை, வாய்வழி மாத்திரை மட்டும் போடுறவங்க 4 வாரமா டோஸ் மாறாம கன்ட்ரோல்ல இருந்தா கொடுக்கலாம். இன்சுலின் போடுறவங்ககிட்ட எடுக்க மாட்டாங்க, அது நிரந்தரமாவே.

இப்போ ஹார்மோன் விஷயம், நிறைய பொண்ணுங்க தயங்கித் தயங்கி கேக்குறது இதுதான். தைராய்டுல ஹைப்போ இருந்து மாத்திரையால ஹார்மோன் அளவு நார்மலுக்கு வந்திருந்தா கொடுக்கலாம். இப்போதான் டெஸ்ட் எடுத்திருக்கேன் ரிசல்ட் வரல, இல்ல லெவல் என்னன்னே தெரியல ரெண்டு வருஷமா டெஸ்ட்டே பாக்கலன்னா தள்ளி வைப்பாங்க. ஹைப்பர் தைராய்டுக்கு, அதாவது ஹார்மோன் அதிகமா சுரக்குறதுக்கு, கார்பிமசோல் மாதிரி மருந்து எடுக்கிறவங்க, தைராய்டு கேன்சர் வந்து போனவங்க, இவங்களால கொடுக்க முடியாது. ஹைப்போ, ஹைப்பர் ரெண்டையும் வெறும் "தைராய்டு"ன்னு ஒரே வார்த்தைல சொல்றதாலதான் பாதி குழப்பம். "எனக்கு ஹைப்போ, இவ்ளோ மைக்ரோகிராம் போடுறேன், போன மாசம் டிஎஸ்ஹெச் இவ்ளோ"ன்னு முழுசா சொல்லுங்க, நிலைமையே வேற மாதிரி இருக்கும்.

கர்ப்பத்தடை மாத்திரை போட்டா கொடுக்கலாம், அதுக்கு காத்திருக்கவே தேவையில்ல. பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டி) டாக்டர் இதே மாத்திரையைத்தான் நிறைய பேருக்கு எழுதுறாங்க, கூட மெட்ஃபார்மின் கொடுத்திருந்தா அது சுகர் மாத்திரை கணக்குல வரும், அந்த 4 வார விஷயத்தை பாருங்க. பீரியட்ஸ் நடக்குற நாள்ல எடுக்க மாட்டாங்க, முடிஞ்சதும் வாங்க. மாதவிடாய் நின்னதுக்கு அப்புறம் ஹார்மோன் மாத்திரை எடுக்குறவங்க எதுக்காக எடுக்குறோம்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, அங்க மாத்திரையை விட அதுக்கு பின்னாடி உள்ள காரணம்தான் முக்கியம். குழந்தை உண்டாக ட்ரீட்மெண்ட் எடுத்துட்டு ஹார்மோன் ஊசி போடுறவங்களுக்கு நான் சொல்றது, இப்போ வேண்டாம், உங்க உடம்புல இருக்கிற இரும்புச்சத்து உங்களுக்கே வேணும். பிரசவம் ஆகி 12 மாசம், கரு கலைஞ்சிருந்தா 6 மாசம், தாய்ப்பால் கொடுக்குற வரைக்கும் கொடுக்கக்கூடாது.

ஜிம்முக்கு போற தம்பிங்க சில பேர் டாக்டர் எழுதாம டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கிறாங்க. அதை போட்டா ஹீமோகுளோபின் ஏறும், அதனால செக் பண்ணும்போது நம்பர் சூப்பரா தெரியும். ஆனா அந்த ஊசியை நாலு பேர் மாத்தி மாத்தி குத்திக்கிட்டா என்னென்ன பரவும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தனியா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அந்த அறைல சொல்றது வெளிய போகாது.

திருநங்கைகளும் திருநம்பிகளும் ஹார்மோன் எடுத்துட்டு இருக்கோம் கொடுக்கலாமான்னு கேக்குறாங்க. உண்மையை சொல்லணும்னா இங்க தடையா இருக்கிறது ஹார்மோன் இல்ல, அந்த 2017 விதியே திருநர்களை மொத்தமா நிரந்தரமா விலக்கி வச்சிருக்கு. ஒவ்வொருத்தரோட நடத்தையை தனித்தனியா கேக்காம ஒரு சமூகத்தையே ஒதுக்குறது தப்புன்னு மணிப்பூரைச் சேர்ந்த சாந்தா குராய் 2021ல சுப்ரீம் கோர்ட்டுக்கு போனாங்க. இங்கிலாந்து 2021ல, அமெரிக்கா 2023ல, ஆளை பாக்காம ரிஸ்க்கை மட்டும் பாத்து எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேக்குற முறைக்கு மாறிட்டாங்க. இங்கயும் மாறணும்னுதான் நான் நினைக்கிறேன், ரத்தம் வேணும்னு ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டா நாலு டோனரோட வந்து நிக்கிற ஒரு தோழி எனக்கு இருக்காங்க, அவங்களால மட்டும் கொடுக்க முடியல.

அடுத்தது, யாருமே எதிர்பாக்காத மாத்திரை. ஒரு காலேஜ் கேம்ப்ல ஃபாரம்ல எல்லாத்துக்கும் டிக் அடிச்சு கொடுத்துட்டு ஒரு பையன் போகாம நின்னுட்டு இருந்தான். பின்னாடி வரிசைல ஆள் இருக்கு, குனிஞ்சு மெதுவா "அக்கா, முடி கொட்டுறதுக்கு ஒரு மாத்திரை போடுறேன், அதெல்லாம் மருந்து கணக்கா"ன்னு கேட்டான். பேரு தெரியல அவனுக்கு. ரூம் மேட்டுக்கு போன் போட்டு அட்டையை போட்டோ எடுத்து அனுப்ப சொன்னோம், வந்துச்சு, டூட்டாஸ்டிரைடு 0.5. டாக்டர் பாத்துட்டு கடைசி மாத்திரைல இருந்து 6 மாசம் ஆகணும்ப்பான்னார். ஃபினாஸ்டிரைடா இருந்தா 1 மாசம். ரெண்டும் ஆண் ஹார்மோனோட வேலையை தடுக்குற மருந்து, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறினா வயித்துல இருக்கிற ஆண் குழந்தையோட பிறப்புறுப்பு வளர்ச்சியை பாதிக்கலாம், டூட்டாஸ்டிரைடு உடம்பை விட்டு போக மாசக்கணக்கு ஆகும், அதான் அவ்ளோ நாள். பிரசவத்துலயும் ரத்தம் நிறைய தேவைப்படும்ங்கிறதை நினைச்சு பாத்தா அந்த பையன் குனிஞ்சு கேட்ட ஒரு கேள்வி எவ்ளோ பெரிய விஷயம்னு புரியும். அவன் வீட்டுக்கு போகல, சாயங்காலம் வரைக்கும் ஜூஸ் பாக்கெட் கொடுத்துட்டு அங்கயே இருந்தான். புரோஸ்டேட்டுக்கு மாத்திரை போடுற பெரியவங்களுக்கும் இதே மருந்துங்கதான் நிறைய பேருக்கு எழுதுவாங்க, அப்பாவை கூட்டிட்டு வர்றவங்க கவனிங்க. அதே மாதிரி முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுத்திருந்தா 1 மாசம் ஆகணும், அதுவும் கருவை பாதிக்கிற மருந்துதான்.

மத்ததை வேகமா சொல்லிடுறேன். ஆன்டிபயாடிக் போட்டிருந்தா கடைசி மாத்திரைல இருந்து 2 வாரம், நோயும் சரியாகியிருக்கணும். பூச்சி மாத்திரைக்கு 7 நாள், குடற்புழு நீக்க நாள்ல 19 வயசு வரைக்கும் அல்பெண்டசோல் கொடுக்குறாங்க இல்லையா, அதனால ஃபர்ஸ்ட் இயர் பசங்க யோசிச்சு பாருங்க. ஆஸ்பிரின், ப்ரூஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டா ரத்தமே எடுக்க மாட்டாங்கன்னு இல்ல, நீங்க கொடுக்குற ஒரு பையை சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மாங்கிற நீர்ப்பகுதின்னு பிரிப்பாங்க, ஆஸ்பிரின் பட்ட தட்டணு ஒட்டுற சக்தியை இழந்துடும், அதனால தட்டணு எடுக்கப்போறாங்கன்னா மட்டும் 3 நாள் இடைவெளி. டெங்கு சீசன்ல தட்டணுவுக்கு அலையுற நேரத்துல இதை மறைச்சா வாங்குறவங்களுக்கு பிரயோஜனமே இல்லாம போயிடும். ஆனா ஈகோஸ்பிரின், குளோபிடோக்ரெல் எல்லாம் இதயத்துக்கு போடுறீங்கன்னா அந்த இதய நோயே போதும், உங்களால கொடுக்க முடியாது, மாத்திரையை நிறுத்திட்டு வர்ற வேலை வச்சுக்காதீங்க, உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க போடுற மருந்து, கேன்சர் மருந்து, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு, இதெல்லாமும் முடியாது. கொலஸ்ட்ரால் மாத்திரை, வைட்டமின் ஓகே. டெட்டனஸுக்கு போடுற டிடி ஊசிக்கு 14 நாள், நாய் கடிச்சு ஊசி போட்டிருந்தா 1 வருஷம்.

மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்குறவங்க இதை நிதானமா படிங்க. டிப்ரஷன், பதற்றம், பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்குற நோய்) இருக்கிறவங்க அன்னிக்கு நல்லா நிதானமா இருந்தா, மாத்திரை போட்டாலும் கொடுக்கலாம்னு விதிலயே இருக்கு. மறைக்க வேண்டிய தேவையே இல்ல.

சித்த மருந்து, லேகியம், பொடி, நாட்டு மருந்துக்கடைல கட்டிக்கொடுத்த பொட்டலம், ஆன்லைன்ல வாங்குன ஏதோ கேப்ஸ்யூல், இதெல்லாம் "இயற்கை"ன்னு நினைச்சு யாரும் சொல்றதில்ல. உள்ள என்ன இருக்குன்னு தெரியாத மருந்துன்னா விவரம் தெரியுற வரைக்கும் தள்ளி வைக்கணும்ங்கிறதுதான் விதி. எச்ஐவி வராம இருக்க முன்கூட்டியே மாத்திரை எடுக்குறவங்க கண்டிப்பா சொல்லணும், அந்த மாத்திரையால தொற்று இருந்தாலும் டெஸ்ட்ல பிடிபடாம போக வாய்ப்பு இருக்கு.

சரி, கிளம்புற அன்னிக்கு. முந்தின நாளே மாத்திரை டப்பாவை திறந்து ஒவ்வொரு அட்டையையும் பேர் தெரியுற பக்கமா போட்டோ எடுத்துக்கோங்க, வெட்டி வெட்டி பேரே இல்லாத துண்டு அட்டைதான் மிச்சம்னா பில்லையோ டாக்டர் சீட்டையோ எடுங்க. கடைசியா எப்போ போட்டீங்கன்னு தேதியை யோசிச்சு வைங்க, ஏன்னா நாள் கணக்கு எல்லாம் கடைசி மாத்திரைல இருந்துதான். தினமும் போடுற மாத்திரையை வழக்கமான நேரத்துக்கே போட்டுட்டு, நல்லா சாப்பிட்டு, தண்ணி குடிச்சுட்டு வாங்க, வெறும் வயித்துல வராதீங்க. 18 வயசு ஆகியிருக்கணும், எடை குறைஞ்சது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. சில கேம்ப்ல இன்னமும் நீல கலர் காப்பர் சல்பேட் தண்ணில ஒரு சொட்டு விடுவாங்க, கையை குத்துனதும் நான் அந்த சொட்டையேதான் பாத்துட்டு இருப்பேன், உள்ள விழுந்து ஒரு செகண்ட் தயங்கி நேரா அடிக்கு போச்சுன்னா பாஸ், மிதந்துச்சுன்னா ஹீமோகுளோபின் பத்தல. ஃபாரம்ல எழுத கூச்சமா இருந்தா டாக்டர்கிட்ட தனியா பேசணும்னு சொல்லுங்க, எந்த கேம்ப்லயும் மறுக்க மாட்டாங்க.

கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தான் "ஐயோ அந்த மாத்திரையை சொல்லலயே"ன்னு ஞாபகம் வரும், நிறைய பேருக்கு வரும். உடனே ரத்த வங்கிக்கு போன் போடுங்க, கார்டுல நம்பர் இருக்கும், எந்த தேதில எந்த கேம்ப்னு சொன்னா உங்க பையை தேடி எடுத்துடுவாங்க. யாரும் திட்ட மாட்டாங்க. ரெண்டு நாள் ஆச்சே இனி எதுக்குன்னு விட்டுடாதீங்க, சிவப்பணு ஒரு மாசத்துக்கு மேல ஃப்ரிட்ஜ்ல இருக்கும், பிளாஸ்மா ஃப்ரீஸர்ல 1 வருஷம் வரைக்கும் இருக்கும்.

அடுத்த தடவைக்கு ஆம்பளைங்க 90 நாள், பொம்பளைங்க 120 நாள் பொறுக்கணும். ஒரு 350 மில்லி பைல சுமார் 150 மில்லிகிராம் இரும்புச்சத்து போயிடுது, அதை ஈடுகட்ட அயர்ன் மாத்திரை எழுதிக்கொடுத்தா தைராய்டு மாத்திரை போடுறவங்க ரெண்டையும் சேத்து முழுங்கிடாதீங்க, அயர்ன் தைராக்ஸினை உடம்புல சேர விடாது, நடுவுல 4 மணி நேரமாவது இருக்கணும். நான் எழுந்ததும் ஆறு மணிக்கு வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அயர்ன், இப்படித்தான் போடுறேன்.