ஓடவும் மலை ஏறவும் ஒரு லேசான விண்ட்சீட்டர் வாங்கணும்னா எதைப் பாத்து வாங்கணும்

முதல்லயே சொல்லிடறேன், சென்னைல பீச் ரோட்டுல காலைல அஞ்சு மணிக்கு ஓடுறவங்களுக்கு இது தேவையே இல்ல. மார்கழில கூட அங்க 20 டிகிரிக்கு கீழ எப்பவாவது தான் இறங்கும், அந்த ஹியூமிடிட்டில மேல ஒரு நைலான் துணிய போட்டுக்கிட்டு ஓடுனா ரெண்டு கிலோமீட்டர்லயே பனியன் பிழியுற அளவுக்கு வேர்த்துடும். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் போய் ஓடுறவங்க, ராத்திரில வெள்ளியங்கிரி ஏறுறவங்க, பர்வதமலை போறவங்க, லடாக் மாரத்தான் ஓடணும்னு பிளான் பண்றவங்க, கேதார்கந்தா மாதிரி பனி ட்ரெக் போறவங்க, அப்புறம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பாலக்காட்டு கணவாய் வழியா காத்து பிச்சுக்கிட்டு வர்ற பொள்ளாச்சி, உடுமலை பக்கம் விடியக்காலைல சைக்கிள் மிதிக்கிறவங்க, இவங்களுக்கு தான் இது வேணும்.

ஏன் வேணும்னு ஒரு சின்ன கணக்கு போட்டு பாருங்க. ஊட்டில ஜனவரி காலைல 5 டிகிரிங்கிறது சாதாரணம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிஷம்னு ஓடுனா உங்க வேகம் மணிக்கு 10 கிமீ, எதிர்காத்து 20 கிமீ அடிக்குதுன்னா உங்க நெஞ்சு மேல வந்து மோதுறது 30 கிமீ காத்து. வானிலைக்காரங்க யூஸ் பண்ற விண்ட் சில் ஃபார்முலால இத போட்டா 5 டிகிரி குளிர் 0 டிகிரி மாதிரி உறைக்கும்னு வருது. அதுவும் காய்ஞ்ச தோலுக்கு. வேர்த்து நனைஞ்ச டீஷர்ட்டோட நின்னா ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்ட இன்னும் உறிஞ்சிடும். இந்த இடத்துல உங்கள காப்பாத்த கனமான ஸ்வெட்டர் தேவையில்ல, காத்த மட்டும் தடுத்தா போதும், அதுக்கு 100 கிராம் எடையுள்ள ஒரு துணி போதும்.

வெள்ளியங்கிரிய எடுத்துக்கோங்க. பிப்ரவரில இருந்து மே வரைக்கும் தான் ஏற விடுவாங்க, நிறைய பேரு ராத்திரில தான் கிளம்புவாங்க. முதல் மலைல படி செங்குத்தா இருக்கும், ஏற ஏற வேர்த்து ஊத்தும், யாரும் அங்க ஜாக்கெட் போட மாட்டாங்க, போடவும் கூடாது. ஆனா ஆறாவது மலை தாண்டி ஏழாவதுக்கு வரும்போது விடியப் போற நேரம், மரமே இல்லாத வெட்டவெளி, காத்து நிக்காம அடிக்கும், சுனைல குளிச்சிட்டு வேற பலபேர் மேல ஏறுவாங்க. அங்க நடுங்கிக்கிட்டு நிக்கிறவங்கள பாத்தா பாதி பேர் கிட்ட ஒண்ணுமே இருக்காது, மீதி பேர் பைக்ல போடுற மொத்தமான ஜாக்கெட்ட ஆறு மலையும் சுமந்துக்கிட்டு வந்திருப்பாங்க. பேன்ட் பாக்கெட்டுக்குள்ள அடங்குற ஒண்ணு இருந்தா ரெண்டு கஷ்டமும் இல்ல.

அதனால எடை தான் முதல் வடிகட்டி. நம்ம ஊர் கடைல விண்ட்சீட்டர்னு கேட்டா உள்ள வலை மாதிரி லைனிங் வச்சு 300, 400 கிராம்ல ஒண்ண எடுத்து குடுப்பாங்க. அது பைக்ல போக நல்ல பொருள், குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா ஓடுறதுக்கு ஆகாது. நீங்க தேட வேண்டியது லைனிங் இல்லாத ஒத்த லேயர் துணி, 70ல இருந்து 150 கிராமுக்குள்ள. 150 தாண்டுச்சுன்னா வீட்லயே விட்டுட்டு போக மனசு வரும், 70க்கு கீழ போனா துணி ரொம்ப மெலிசு, கூடவே ஹூட், பாக்கெட்னு எதையாவது கழட்டியிருப்பாங்க. ஆன்லைன்ல வாங்கும்போது எடை போடாத ஜாக்கெட்ட நான் தொடவே மாட்டேன், லேசா செஞ்ச கம்பெனி அத கண்டிப்பா பெருமையா எழுதியிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதுல தான் பலபேர் தப்பான ஜாக்கெட்ட வாங்கிடறாங்க. கடைல போய் எது காத்த நல்லா தடுக்கும்னு கேப்பாங்க, நூறு சதவீதம் விண்ட்ப்ரூஃப்னு எழுதியிருக்கிறத எடுத்துட்டு வருவாங்க. ஓடுறவங்களுக்கு அது வேண்டாம்ங்க. காத்து துளி கூட உள்ள வராத துணில இருந்து வேர்வை ஆவியும் வெளிய போக சிரமப்படும், அரைமணி நேரத்துல உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்கும், அப்புறம் மேல போய் நின்னா காத்து படாமலே குளிரும். சூடான ஊர்ல வளர்ந்த நம்ம உடம்பு ஏத்தத்துல வேர்த்துக் கொட்டும், நமக்கு கொஞ்சம் காத்து புகுற துணி தான் சரி. முக்காவாசி காத்த தடுத்து கொஞ்சத்த உள்ள விடணும்.

இத அளக்க ஒரு அலகு இருக்கு, சிஎஃப்எம்னு சொல்வாங்க, ஒரு சதுர அடி துணி வழியா நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்து போகுதுங்கிறது. 1க்கு கீழ இருந்தா கிட்டத்தட்ட அடைச்ச மாதிரி, 5ல இருந்து 15 வரைக்கும் குளிர்ல நடக்கவும் மெதுவா ஓடவும் தோதா இருக்கும், 30, 40 போச்சுன்னா நல்லா மூச்சு விடும், வேகமா ஓடுறவங்களுக்கு அது பிடிக்கும், ஆனா பலமான காத்துல சும்மா நின்னா குளிரும். பிரச்சனை என்னன்னா இந்த நம்பர முக்காவாசி கம்பெனிங்க வெளிய சொல்றதே இல்ல. அதுக்கு கடைல ஒரு டெஸ்ட் பண்ணுங்க, துணிய ஒத்தையா வாய்ல இறுக்கமா வச்சு ஊதுங்க, அந்தப் பக்கம் உள்ளங்கைய வச்சுக்கோங்க. எவ்ளோ முக்கி ஊதுனாலும் கைல ஒண்ணும் தெரியலன்னா அது அடைச்ச துணி, ஓடுறதுக்கு வேண்டாம். லேசா ஊதுனதுமே தாராளமா வந்தா மலை உச்சிக்கு பத்தாது. கொஞ்சம் அழுத்தி ஊதுனா இதமா கைல படணும், அது தான் நம்ம துணி. யாராவது பாத்தா பாக்கட்டும், லேபிள்ல இருக்கிற எந்த வாசகத்த விடவும் இந்த டெஸ்ட் நம்பகமானது.

துணி பத்தி லேபிள்ல 10டி, 20டி, 30டின்னு போட்டிருப்பாங்க, அது டெனியர். 9000 மீட்டர் நூலோட எடை எத்தன கிராமோ அது தான் டெனியர், அதாவது நம்பர் கம்மின்னா நூல் மெலிசு. 7டி, 10டி எல்லாம் கைல எடுத்தா இருக்கிறதே தெரியாது, ஆனா முள்ளு பட்டா போச்சு. நம்ம பக்கத்து காட்டுப் பாதைங்கள்ல உன்னிச்செடி ரெண்டு பக்கமும் மண்டிக் கிடக்கும், அதனால 15ல இருந்து 30 டெனியர் வரைக்கும் எடுக்கிறது நல்லது, 20, 30 கிராம் கூடுனாலும் பரவாயில்ல. ரிப்ஸ்டாப்னு எழுதியிருக்கான்னும் பாருங்க, துணில சின்ன சின்ன கட்டம் தெரியும், அந்தக் கோட்டுல நூல் கொஞ்சம் தடிமனா ஓடும், ஒரு இடத்துல கிழிஞ்சா அந்தக் கட்டத்தோட நின்னுடும். சில துணி மினுமினுன்னு இருக்கும், ரெண்டு சூடான உருளைக்கு நடுவுல அழுத்தி நூல தட்டையாக்கி இடைவெளிய அடைச்சிருப்பாங்க, அதனால காத்த இன்னும் அதிகமா தடுக்கும், சரசரன்னு சத்தமும் அதிகமா வரும்.

மழை விஷயத்துல தெளிவா இருங்க. இந்த ஜாக்கெட் மழைக்கு இல்ல. மேல டிடபிள்யூஆர்னு ஒரு பூச்சு இருக்கும், தூறல்லயும் பனிமூட்டத்துலயும் தண்ணி உருண்டு ஓடும், ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் தாங்கும், அதுக்கப்புறம் தையல் வழியா உள்ள வந்துடும். ஐப்பசி மழைல ஊட்டி போறவங்க தனியா ரெயின் ஜாக்கெட் எடுத்துட்டு போகணும், வேற வழி இல்ல. பெரிய ட்ரெயில் ரேஸ், அதாவது மலைப் பாதை ஓட்டப் பந்தயம் ஓடப் போறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஃப்ரான்ஸ்ல ஷமோனில நடக்கிற யுடிஎம்பி மாதிரி ரேஸ்ல கட்டாய சாமான் லிஸ்ட்ல கேக்கிறது ஹூட் வச்ச வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட், 10,000 மிமீ உயரத் தண்ணியோட அழுத்தத்த துணி தாங்கணும்னு சிபாரிசு பண்றாங்க, விண்ட்சீட்டர காட்டுனா ஒத்துக்க மாட்டாங்க. பழைய பூச்சுல ஃப்ளூரின் கெமிக்கல் இருந்துச்சு, சூழலுக்கு கேடுன்னு இப்ப ஒவ்வொரு கம்பெனியா விட்டுட்டு வராங்க, கலிஃபோர்னியால 2025ல இருந்து அந்த மாதிரி துணில பெரும்பாலானத புதுசா விக்க தடை. நல்ல விஷயம் தான், ஆனா புதுப் பூச்சு எண்ணெய் பிசுக்குக்கு சீக்கிரம் தோத்துடும், சன்ஸ்க்ரீன், தலை எண்ணெய் படுற காலர்லயும் ஹூட்லயும் முதல்ல ஊற ஆரம்பிக்கும்.

ஜிப்ப பொறுத்தவரைக்கும் முழு ஜிப் தான் எடுங்கன்னு நான் சொல்வேன். பாதி ஜிப்ல 10 கிராம் மிச்சமாகும், ஆனா தலை வழியா மாட்டணும், கழட்டணும், ஓடிக்கிட்டே அது முடியாது. முழு ஜிப்போட நெஞ்சுல ஒரு சின்ன பட்டன் இருந்தா ரொம்ப நல்லது, ஜிப்ப முழுசா தொறந்துட்டு அந்த பட்டன மட்டும் போட்டுக்கிட்டா ஜாக்கெட் பின்னாடி பறக்காது, காத்தும் உள்ள வரும். ஹூட் இருந்தா ஓரத்துல எலாஸ்டிக் இருக்கணும், இல்லன்னா எதிர்காத்துல பலூன் மாதிரி ஊதி பின்னாடி இழுக்கும். போட்டுக்கிட்டு தலைய ரெண்டு பக்கமும் திருப்பி பாருங்க, ஹூட் கண்ண மறைக்காம தலையோட திரும்பணும். கை முனைல எலாஸ்டிக் இருக்கணும், ஆனா முழங்கை வரைக்கும் ஏத்தி விட முடியணும், வாட்ச் பாக்கணும் இல்லயா. பாக்கெட் ஒண்ணு போதும், அந்த பாக்கெட்டுக்குள்ளயே ஜாக்கெட் அடங்கணும். அதுல ஃபோன வச்சுக்கிட்டு ஓடாதீங்க, இவ்ளோ லேசான துணில ஃபோன் ஆடி ஆடி நெஞ்சுல அடிச்சுக்கிட்டே இருக்கும்.

அடக்கிப் பாக்கிறத கடைலயே செய்ங்க. பாக்கெட்ட உள்வெளியா புரட்டி, மடிக்காம அப்படியே கசக்கித் திணிக்கணும், திணிச்சதும் ஜிப்ப வெளிப்பக்கம் இருந்து மூட முடியணும், அதாவது ஜிப்போட பிடி ரெண்டு பக்கமும் இருக்கணும். வீட்ல உக்காந்து ரெண்டு கையால நிதானமா அடக்குறது வேற, குளிர்ல விரல் மரத்துப் போய் அடக்குறது வேற. ரொம்ப சின்ன பாக்கெட்டா குடுத்து இவ்ளோ சின்னதாகும்னு காட்டுவாங்க, அதுல மயங்காதீங்க, கொஞ்சம் தளர்வா இருக்கிற பாக்கெட் தான் மலைல உதவும்.

சைஸ் விஷயம் உங்க பைய பொறுத்தது. தண்ணி வச்ச ரன்னிங் வெஸ்ட், அதாவது சட்டை மாதிரி மாட்டுற பை போட்டு ஓடுறவங்க ஜாக்கெட்ட வெஸ்டுக்கு மேல போடுற மாதிரி ஒரு சைஸ் பெருசா எடுக்கலாம், ஒவ்வொரு தடவையும் வெஸ்ட கழட்ட வேண்டியதில்ல, தோள் வார் உரசி துணி தேயுறதும் இல்ல. வெஸ்ட் இல்லாம ஓடுறவங்க உடம்போட ஒட்டி நிக்கிற சைஸ எடுங்க, தொளதொளன்னு இருந்தா படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், காது வலிக்கும். இந்தத் துணி வேர்த்த தோல்ல ஒட்டும், அதனால உள்ள முழுக்கை டீஷர்ட் போட்டா தேவல. கலர்ல என் கருத்து, கருப்பு வேண்டாம். கோத்தகிரி ரோட்டுல மூட்டம் இறங்குனா பத்தடி தள்ளி வர்ற பஸ் தெரியாது, டிரைவருக்கு நீங்க தெரியணும், ஆரஞ்சு, மஞ்சள் மாதிரி எடுங்க, முதுகுல வெளிச்சம் பட்டா மின்னுற பட்டை இருந்தா இன்னும் நல்லது.

விலைக்கு வருவோம். பேடகோனியாங்கிற அமெரிக்க கம்பெனியோட ஹூடினி ஜாக்கெட் தான் இந்த வகைல பேர் போனது, 105 கிராம், நெஞ்சு பாக்கெட்ல அடங்கும், அமெரிக்காலயே 100 டாலருக்கு மேல, நம்ம ஊருக்கு வரவழைச்சா இன்னும் கூடும். முதல் ஜாக்கெட்டுக்கு அவ்ளோ போடணும்னு அவசியமே இல்ல. டெகத்லான்ல கிப்ரன், கெச்சுவான்னு அவங்க சொந்த பிராண்ட்ல ஓடுறதுக்கும் மலைக்கும் தனித்தனியா வச்சிருப்பாங்க, கோயம்புத்தூர், சென்னைல கடைக்கே போய் ஊதிப் பாத்து, போட்டுப் பாத்து, அடக்கிப் பாத்து வாங்கலாம், அந்த வசதிக்காகவே அங்க இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

வாங்கிட்டா எப்ப போடுறதுங்கிறதும் தெரியணும். ஏத்தத்துல போடாதீங்க. உச்சிக்கு அம்பது மீட்டர் முன்னாடி, உடம்பு இன்னும் சூடா இருக்கும்போதே நின்னு போடுங்க, குளிர் ஏறுனதுக்கப்புறம் போட்டா திரும்ப சூடாக நேரம் ஆகும், ஏன்னா இது சூடு தராது, இருக்கிற சூட்ட காத்து அள்ளிட்டு போகாம பாத்துக்கும், அவ்ளோதான். இறக்கத்துல போட்டுக்கலாம், அடுத்த ஏத்தம் வந்ததும் கழட்டிடுங்க. ராத்திரி கேம்ப் ஃபயர் பக்கத்துல கண்டிப்பா போடக்கூடாது, ஒரு பொறி பட்டா நைலான் உருகி ஓட்டை விழுந்துடும்.

துவைக்கிறது ஈஸி, கொஞ்சமா லிக்விட் சோப் போட்டு கையால அலசுனா போதும், துணி வாசனைக்கு கடைசியா ஊத்துறாங்களே அந்த கண்டிஷனர் மட்டும் வேண்டாம், பூச்ச கெடுத்துடும். தண்ணி உருளாம ஊற ஆரம்பிச்சா முதல்ல துவைங்க, காய்ஞ்சதும் லேபிள்ல அயர்ன் பண்ணலாம்னு இருந்தா மேல ஒரு பருத்தித் துணி போட்டு குறைஞ்ச சூட்டுல தேய்ங்க, பூச்சு ஓரளவு திரும்ப வேலை செய்யும். ஈரத்தோட பாக்கெட்ல அடக்கி அப்படியே மறந்துடாதீங்க, நம்ம ஊர் புழுக்கத்துல பூஞ்சை பிடிச்சு நாத்தம் வரும், வீட்ல இருக்கும்போது ஹேங்கர்லயே தொங்கட்டும். முள்ளு கிழிச்சா ஊசி நூல் எடுக்காதீங்க, ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொண்ணுலயும் இன்னும் கிழியும், டென்ட் ஒட்டுற நைலான் டேப் ஆன்லைன்ல கிடைக்குது, அத மூலை இல்லாம வட்டமா வெட்டி ரெண்டு பக்கமும் ஒட்டி ஒருநாள் விட்டுட்டா வருஷக்கணக்குல தாங்கும்.