கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு எஸ்.எஸ்.டி. நாஸ்: முதலில் கணக்கு, அப்புறம் பெட்டி

காரைக்குடிப் பக்கம் ஒரு நகரத்தார் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துவிட்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பினால் மூன்று கேமராவின் கார்டுகள், ட்ரோன் கார்டு, போட்டோ கார்டு என்று எல்லாம் ஒன்றாக மேஜைக்கு வந்து சேரும். இரண்டு பேர் எடிட் செய்கிற சின்ன இடத்தில் அதற்குப் பிறகு நடப்பது தெரிந்ததுதான். ஒரே யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் நாள் முழுக்க நடக்கும், ஒருவர் தாலி கட்டும் திருப்பூட்டுப் பகுதியை வெட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஆல்பத்துக்குப் படம் வேண்டுமென்று சும்மா உட்கார்ந்திருப்பார், மூன்றாவது வாரத்தில் எந்த ஃபோல்டரில் இருப்பது கடைசி எடிட் என்று இரண்டு பேருக்குமே சந்தேகம் வந்துவிடும். இதற்குத்தான் நாஸ். டிரைவ்களைச் செருகிக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி, நெட்வொர்க் கேபிளில் இணைத்துவிட்டால் எல்லாக் கணினியிலும் ஒரே ஃபோல்டர் தெரியும், அவ்வளவுதான்.

எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் பெட்டியின் பெயரைச் சொல்வதில்லை. உங்கள் கேமராவில் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்கு எழுதும் தகவலின் அளவு, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

4கே, நொடிக்கு 25 ஃப்ரேம், 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா தலைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் 675 ஜிபி. ட்ரோனும் ரா போட்டோக்களும் சேர்ந்தால் ஒரு கல்யாணம் சுமார் 800 ஜிபி. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் நான்கு கல்யாணம் ஒரே நேரத்தில் கையில் இருக்கும், அப்படியானால் 3.2 டிபி. நாஸில் இருக்க வேண்டியது இந்தக் கையில் இருக்கிற வேலை மட்டும்தான். பத்து வருடத்துக் கல்யாணங்களையும், சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்.எஸ்.டி.யில் வைக்கக் கிளம்பினால் பணம் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை.

அடுத்து வேகம். மூன்று கேமராவையும் ஒரே டைம்லைனில் ஓடவிட்டால் நொடிக்கு 37.5 மெகாபைட், இரண்டு பேர் என்றால் 75. சாதாரண 1 கிகாபிட் கேபிளில் நடைமுறையில் 110 மெகாபைட் அளவுக்குக் கிடைக்கும், அதனால் போதும்போல் தோன்றும். ஆனால் அதே நேரத்தில் மூன்றாவது ஆள் கார்டைக் காலி செய்ய ஆரம்பித்தால் இரண்டு டைம்லைனும் திக்கும். கேமராவை 10 பிட், 50 ஃப்ரேம், 200 மெகாபிட்டுக்கு மாற்றினால் 75 என்பது 150 ஆகிவிடும், 1 கிகாபிட்டின் கதை அங்கே முடிந்தது. 2.5 கிகாபிட்டில் சுமார் 280 மெகாபைட் வரும், கல்யாண வேலை செய்யும் இரண்டு மேஜைக்கு இதுதான் என் கணக்கில் சரியான இடம். விளம்பரப் படம் எடுத்து 4கே ப்ரோரெஸ் 422 ஹெச்.க்யூ. என்ற கனமான வீடியோ ஃபார்மட்டில் எடிட் செய்கிறவர்களுக்கு ஒரு கேமராவுக்கே நொடிக்கு 92 மெகாபைட் ஆகும், மூன்று கேமரா வைத்தால் ஒருவரே 2.5 கிகாபிட் முழுவதையும் குடித்துவிடுவார். அவர்கள் 10 கிகாபிட்டுக்குப் போகட்டும், அல்லது ப்ராக்ஸி என்ற லேசான நகலைப் போட்டு வேலை செய்யட்டும்.

இவ்வளவுதான் வேகம் என்றால் ஹார்டு டிஸ்க் போதாதா என்று கேட்கலாம். ஒரே ஒரு பெரிய கோப்பை வரிசையாகப் படிக்க ஹார்டு டிஸ்க்கும் நன்றாகவே ஓடும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆறு கோப்புகளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் இழுக்கும்போது உள்ளே இருக்கும் முள் ஒவ்வொரு கோப்புக்கும் இடம் மாறி ஓட வேண்டும், அந்த ஓட்டத்திலேயே நேரம் போய்விடும். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே இல்லை. சத்தமும் இல்லை, எடிட் அறையிலேயே வாய்ஸ் ஓவர் பதிவு செய்கிற எங்களுக்கு அதுவும் பெரிய நிம்மதி.

பெட்டியைப் பொறுத்தவரை எம்.2 எனப்படும் சின்னப் பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.க்கென்றே செய்த சின்ன நாஸ்களைப் பாருங்கள். அசுஸ்டோரின் ஃப்ளாஷ்ஸ்டோர் 6 என்பதில் ஆறு எம்.2 இடங்களும் இரண்டு 2.5 கிகாபிட் போர்ட்டுகளும் இருக்கின்றன, டெராமாஸ்டரின் எஃப்8 எஸ்.எஸ்.டி. பிளஸ் என்பதில் எட்டு இடங்களும் ஒரு 10 கிகாபிட் போர்ட்டும். இது வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை, எந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: எத்தனை இடம், எந்த வேகப் போர்ட். எஸ்.எஸ்.டி. நொடிக்கு 7,000 மெகாபைட் ஓடும் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கேபிளில் 280தான் போகும் என்றால் மீதிக்குக் கொடுத்த பணம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கருமித்தனம் வேண்டாம். டிரைவின் சிப்பில் ஒரு செல்லுக்கு மூன்று பிட் எழுதும் டி.எல்.சி. வகையா, நான்கு பிட் எழுதும் க்யூ.எல்.சி. வகையா என்று கேட்டு வாங்குங்கள். க்யூ.எல்.சி. விலை குறைவு, ஆனால் தொடர்ந்து எழுதும்போது மூச்சு வாங்கும். உதாரணத்துக்கு சாம்சங்கின் 870 க்யூ.வி.ஓ. 2 டிபி டிரைவின் விவரத்தாளிலேயே 78 ஜிபி வரை ஒரு வேகம், அதைத் தாண்டினால் நொடிக்கு 160 மெகாபைட் என்று போட்டிருக்கிறார்கள். வீட்டுக் கணினிக்கு அது பரவாயில்லை. ஒரே மூச்சில் 675 ஜிபி கொட்டுகிற நமக்கு அது ஒத்துவராது. எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்ந்துவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு: 2 டிபி டி.எல்.சி. டிரைவ்கள் பலவற்றுக்கு 1,200 டிபி எழுதும் வரை உத்தரவாதம் உண்டு. வருடம் 60 கல்யாணம் என்றாலும் 48 டிபிதான், அது நாம் போடப்போகும் நான்கு டிரைவுக்கும் பிரிந்து போகும், ரெய்டுக்கான (ஒரு டிரைவ் செத்தாலும் தகவல் பிழைக்கும்படி பல டிரைவ்களைச் சேர்த்துப் போடும் முறை) கூடுதல் எழுத்தையும் சேர்த்தால் ஒரு டிரைவுக்கு 16 டிபி. ரெண்டர், தற்காலிகக் கோப்பு என்று மூன்று மடங்காக்கினாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

நான்கு 2 டிபி டிரைவ்களை ரெய்டு 5 முறையில் போட்டால் 6 டிபி பயன்படுத்தக் கிடைக்கும், ஒரு டிரைவ் செத்தாலும் வேலை நிற்காது. கணினி அதை 5.4 என்று காட்டும், அது கடைக்காரர் ஏமாற்றியதல்ல, எண்ணும் முறை வேறு. ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாக விடுங்கள். பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் எடுங்கள், ஸ்னாப்ஷாட் வைக்கலாம், யாராவது தவறி ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால் முந்தைய மணி நேரத்து நிலைக்குத் திரும்பலாம். எடிட்டிங் சாப்ட்வேரின் கேஷ் கோப்புகளை மட்டும் நாஸுக்கு அனுப்பாமல் அந்தந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஊருக்கே உரிய விஷயங்கள். பழைய வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோ வைத்திருக்கிறவர்கள் வைஃபையை மறந்துவிடுங்கள். அந்தக் கனத்த சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி முற்றத்துக்கு அந்தப் பக்கம் போவதற்குள் சிக்னல் பாதியாகிவிடும். கேபிள்தான் வழி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் தேக்கு நிலையிலும் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார், சம்மதித்தாலும் போடாதீர்கள், சுவரோரமாக மேலே கேசிங் ஓட்டிக் கொண்டுபோகலாம். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு கேட் 6 என்று கேளுங்கள். அலுமினியத்தில் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிளும் அதே பெயர் போட்டுக் கடையில் தொங்குகிறது, நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

இரண்டே மேஜை என்றால் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச்கூட வேண்டாம். நாஸின் இரண்டு போர்ட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு கேபிளை நேராகக் கணினிக்கு இழுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) வரிசை கொடுத்துவிட்டால் முழு 2.5 கிகாபிட் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும். கணினியில் 1 கிகாபிட் போர்ட்தான் இருக்கிறது என்றால் 2.5 கிகாபிட் யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று போதும். இன்டர்நெட் வைஃபையில் வரட்டும். நாஸை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. 2022 தொடக்கத்தில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் அப்படித் திறந்து கிடந்த நாஸ்களுக்குள் நுழைந்துதான் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீடியோ அனுப்ப வேண்டுமானால் முடிந்த கோப்பை மட்டும் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் கொடுங்கள்.

மின்சாரம் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நாஸை அதில் மாட்டியிருந்தேன். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறுகிற அந்த ஒரு நொடிக்குள் பெட்டி அணைந்து எழுந்தது, எழுதிக்கொண்டிருந்த ஒரு ரெண்டர் பாழானது, அன்று இரவு முழுக்க ரெய்டு தன்னைத்தானே சரிபார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கி, அதன் யு.எஸ்.பி. கேபிளையும் நாஸில் செருகிவிட்டேன். கரண்ட் வராவிட்டால் பேட்டரி தீரும் முன் நாஸ் தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். அப்புறம் சூடு. சித்திரை வெயிலில் மாடி கான்கிரீட் அறை கொதிக்கும், சூடு ஏறினால் எம்.2 டிரைவ் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் போடுங்கள், மர அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள், தூசியை மாதம் ஒரு தடவை ஊதிவிடுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம். ரெய்டு என்பது பேக்கப் அல்ல. ஒரு டிரைவ் செத்தால் அது காப்பாற்றும். திருட்டு, தீ, வைரஸ், தவறி அழித்தது, இவற்றில் எதிலும் காப்பாற்றாது. அதனால் நான் 10 கிகாபிட் பெட்டிக்குப் போகாமல் 2.5லேயே நின்று, மிச்சமான பணத்தில் இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கினேன். கார்டை நாஸில் கொட்டிய அன்றே ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல், வாரம் ஒரு தடவை இரண்டாவதில் நகல், அந்த இரண்டாவது பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் இருக்கும், ஸ்டுடியோவில் அல்ல. இரண்டு நகலும் ஆன பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்வது. முடிந்த கல்யாணங்களும் ஹார்டு டிஸ்க்குக்குத்தான் போகும், ஏனென்றால் கரண்டே கொடுக்காமல் வருடக்கணக்கில் எஸ்.எஸ்.டி.யைப் பெட்டியில் வைத்தால், அதுவும் நம் ஊர்ச் சூட்டில், உள்ளே இருக்கும் தகவல் மெல்லக் கசியும். ஐயாவின் சாந்திக் கல்யாணத்தில் அவர் பேசிய இரண்டு நிமிடம் கிடைக்குமா அண்ணே என்று ஏழு வருடம் கழித்து ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். ஐயா அப்போது இல்லை. அந்த இரண்டு நிமிடம் எங்களிடம் இருந்தது.

பெட்டி வந்ததும் முதல் கல்யாணத்தை உடனே ஏற்றிவிடாதீர்கள். பழைய ஃபுட்டேஜ் 300 ஜிபி எடுத்து ஒரே மூச்சில் கொட்டுங்கள், வேகம் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு மேஜையிலும் மூன்று கேமரா டைம்லைனை ஓடவிட்டுக்கொண்டே மூன்றாவது ஆளைக் கார்டு காலி செய்யச் சொல்லுங்கள். யு.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கி நாஸ் தானாக அணைகிறதா என்று காத்திருங்கள். கடைசியாக, நாஸை அணைத்து ஒரு எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். அது எச்சரிக்கை கொடுக்க வேண்டும், கோப்புகள் எல்லாம் திறக்க வேண்டும். திரும்ப மாட்டி, ரெய்டு மறுபடி சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவையுங்கள்.