தைத்ததை ஆன்லைனில் விற்கலாம் என்று இருக்கிறீர்களா? ஒரு சின்னப் பையிலிருந்து தொடங்குங்கள்

தைக்கத் தெரியும், பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆன்லைனில் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது பை, தலையணை உறை, தொப்பி, துணிப்பூ என்று ஆசைப்பட்டதையெல்லாம் தைத்துப் போட்டேன். எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு விற்றது. ஆனால் எதற்கு எவ்வளவு நேரம் போனது, எதில் என்ன மிஞ்சியது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

படி 1: ஒரே பொருளைப் பத்து தடவை தையுங்கள்

ஜிப் வைத்த சின்னப் பையை எடுத்துக்கொள்வோம். அளவை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, அதே அளவில், அதே முறையில் பத்துப் பை. சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. முதல் பைக்கும் பத்தாவது பைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் கையே சொல்லும், அந்தப் பத்தாவது பைதான் விற்பனைக்கு.

நடுத்தர கனமுள்ள பருத்தித் துணிக்கு 90/14 எண் ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ. போதும். எட்டு மணி நேரம் ஓடிய ஊசியை மாற்றிவிடுங்கள், மழுங்கிய ஊசி தையலைத் தாண்டித் தாண்டிப் போடும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஜிப்பை வைத்துத் தைத்த பிறகு, சுற்றிலும் தையல் போடுவதற்கு முன்னால் ஜிப்பைப் பாதி திறந்து விடுங்கள். மூடியபடி தைத்துவிட்டால், லைனிங்கின் அடியில் விட்ட இடைவெளி வழியாகப் பையைப் புரட்டும்போது வெளித்துணி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். புரட்டுவதற்கு முன் நான்கு மூலைகளையும் தையலுக்கு மிக அருகில், நூல் அறுபடாமல், குறுக்காக வெட்டுங்கள். மூலை கூராக வரும். வாங்குபவர் முதலில் பார்ப்பது மூலையைத்தான்.

படி 2: துணியைத் துவைத்துவிட்டு வெட்டுங்கள்

பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், அடர் நிறங்கள் சாயம் விடும். ஒருமுறை அவசரத்தில் சிவப்புத் துணியைத் துவைக்காமல் வெள்ளை லைனிங்கோடு தைத்து அனுப்பினேன். ஒரே துவைப்பில் உள்பக்கம் முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, புதுப் பையும் தைத்து அனுப்பினேன். அன்றிலிருந்து துவைக்காத துணி என் கத்தரிக்கோல் பக்கம் வருவதில்லை.

படி 3: நேரத்தைக் குறித்து, விலையைப் போடுங்கள்

இந்தப் படியில் மட்டும் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கைவேலை செய்பவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் காரணம் விலைதான்.

பத்தாவது பையைத் தைக்கும்போது கடிகாரத்தைப் பக்கத்தில் வையுங்கள். என் கணக்கு இப்படி வந்தது: வெட்ட 12 நிமிடம், ஒட்டு கேன்வாஸ் (துணி விறைப்பாக நிற்கப் பின்பக்கம் ஒட்டுவது) வைத்து இஸ்திரி போட 8, ஜிப் வைக்க 15, மீதித் தையலுக்கு 12, புரட்டி நூல் பிசிறு வெட்ட 5. மொத்தம் 52 நிமிடம். இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் ரொம்ப நாள் விலை போட்டுக்கொண்டிருந்தேன். படம் எடுக்க, வாங்குபவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல, பொதி கட்ட என்று ஒரு பைக்கு இன்னும் 23 நிமிடம் போகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. ஆக 75 நிமிடம். உங்களுடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி என்று முடிவு செய்து, இந்த 75 நிமிடத்துக்கும் அதைப் போடுங்கள். அதன்மேல் துணி, லைனிங், ஜிப், நூல், கவர் எல்லாம். பிறகு, மிஷின் பழுது பார்க்கவும் புதுத் துணி வாங்கவும் கொஞ்சம் லாபம்.

அடுத்தது தளத்தின் கட்டணம். கைவேலைப் பொருட்கள் விற்கும் எட்சி (Etsy) தளத்தில் பொருளைப் பட்டியலில் போடவே ஒரு தொகை, அது நான்கு மாதத்துக்குத்தான். விற்றால் 6.5 சதவீதம், அதுவும் நீங்கள் வாங்கும் அனுப்பும் செலவையும் சேர்த்து. பணம் வாங்கித் தருவதற்குத் தனிக் கட்டணம். எல்லாம் சேர்த்துப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு 100 வர வேண்டுமென்றால் 110 போட்டால் போதாது, 110-இல் பத்து சதவீதம் 11, கைக்கு வருவது 99. 100-ஐ 0.9-ஆல் வகுங்கள், 111-க்குச் சற்று மேல் வரும். ஒரு பைக்கு இது சின்னத் தொகை, நூறு பைக்கு அப்படியில்லை.

விலை அதிகமாகத் தெரிகிறதே என்று பயந்து கூலியில் கை வைக்காதீர்கள். ஒட்டு கேன்வாஸை இரண்டு பைக்குச் சேர்த்து இஸ்திரி போடலாம், ஒரே நாளில் பத்துப் பைக்கும் வெட்டி வைக்கலாம். நிமிடத்தைக் குறைத்தால் விலை தானாக இறங்கும்.

படி 4: படமும் விவரமும்

ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், ஃப்ளாஷ் வேண்டாம். முழுப் பை ஒரு படம், உள்பக்கம் ஒன்று, ஜிப்பின் முனை ஒன்று, அளவு புரிய கையில் பிடித்தபடி ஒன்று. நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் போடுங்கள், எப்படித் துவைப்பது என்றும் எழுதுங்கள். எட்சியில் 13 தேடல் சொற்கள் கொடுக்கலாம், எல்லாவற்றையும் நிரப்புங்கள். நீங்கள் வைத்த செல்லப் பெயரை விட்டுவிட்டு, வாங்குபவர் தட்டும் சொல்லைப் போடுங்கள்: மேக்கப் பை, பயணப் பை, தோழிக்குப் பரிசு.

படி 5: தையல் குழுக்களில் பழகுங்கள்

சேர்ந்த அன்றே கடை இணைப்பை ஒட்டாதீர்கள். ஜிப் நெளிகிறது என்று யாராவது கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அப்படிப் பழகியவர்கள்தான் என் முதல் வாடிக்கையாளர்கள். அடுத்தவருடைய பேட்டர்னை, அதாவது அவர் வரைந்த வெட்டு மாதிரியை, வைத்துத் தைத்தால், விற்க அனுமதி உண்டா என்று அதிலேயே பாருங்கள், இல்லையென்றால் வடிவமைத்தவரிடமே கேளுங்கள். கார்ட்டூன் பாத்திரங்களின் பெயரைத் தலைப்பில் போடவே வேண்டாம். குழந்தைகளுக்கான பொருட்களுக்கு விதிகள் வேறு: அமெரிக்காவில் 2008-இல் வந்த பாதுகாப்புச் சட்டம் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் பொம்மை விற்க சிஇ (CE) என்ற பாதுகாப்புக் குறி வேண்டும். பையில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: முதல் ஆர்டர்

பெயர் தைத்துத் தரச் சொன்னால் எழுத்துகளை அவரே தட்டி அனுப்பட்டும், நிறத்தையும் அளவையும் எழுத்தில் உறுதி செய்யட்டும். சரி என்று பதில் வரும்வரை துணியில் கத்தரிக்கோல் படக்கூடாது. தைத்து முடித்ததும் ஜிப்பைப் பத்து தடவை திறந்து மூடிப் பாருங்கள், உள்பக்கம் ஒட்டியிருக்கும் நூல் துண்டுகளை எடுங்கள், கட்டிய பொதியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.