நிலைப்புப் பகுதியை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேரியலற்ற அமைப்பு ஒன்றுக்குப் பின்னூட்டக் கட்டுப்பாட்டை வடிவமைத்து, அதைச் சமநிலைப் புள்ளியில் நேரியலாக்கி (அதாவது, அங்கே நேரியல் சமன்பாடுகளால் தோராயப்படுத்தி), விலகல் வளருமா தேயுமா என்று காட்டும் ஐகென் மதிப்புகளின் மெய்ப்பகுதிகள் எல்லாம் எதிர்க்குறியில் இருப்பதைக் கண்டதும் வேலை முடிந்ததாகக் கருதுவோர் பலர். அந்தச் சோதனை சமநிலைக்கு மிக அருகில் நடப்பதை மட்டுமே காட்டும். எவ்வளவு தூரம் வரை விலகினால் அமைப்பு மீண்டு வரும் என்பதை அது சொல்லாது. அந்தத் தூரத்தை அறிய லியாபுனோவ் சார்பை, அதாவது சமநிலையில் சுழியாகவும் அதைச் சுற்றி நேர்மமாகவும் உள்ள, ஆற்றலைப் போன்ற ஓர் அளவை, நாடுகிறோம். அங்கேதான், என் கருத்தில், எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு நேர்கிறது: சார்பின் காலவகைக்கெழு (பாதை வழியே அது காலத்தோடு மாறும் வீதம்) எதிர்மமாக உள்ள இடம் முழுவதையும் நிலைப்புப் பகுதி, அதாவது எங்கிருந்து புறப்பட்டாலும் அமைப்பு சமநிலைக்கு மீளும் பகுதி, என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இடப்பெயர்ச்சியை ப என்றும் வேகத்தை வ என்றும் குறித்து, முடுக்கம் −ப + ப³ − வ ஆக உள்ள ஓர் அமைப்பைப் பார்ப்போம். 0.75ப² − 0.25ப⁴ + 0.5பவ + 0.5வ² என்ற சார்பின் காலவகைக்கெழு −0.5ப²(1 − ப²) − 0.5வ² என்று வருகிறது. ஆகவே ப −1க்கும் 1க்கும் இடையே உள்ள பட்டை முழுவதிலும், ஆதிப்புள்ளி நீங்கலாக, அது எதிர்மமே. ஆயினும் ப = 0, வ = 3 என்ற நிலையில் புறப்படும் பாதை, சார்பின் மதிப்பு குறைந்துகொண்டிருக்கும்போதே ப = 1 என்ற கோட்டைக் கடந்துவிடுகிறது; அதற்கப்பால் ப³ பெரிதாகி அதை மேலும் வெளியே தள்ளுவதால் அது திரும்புவதே இல்லை. பாதையை உள்ளே பிடித்து வைப்பது, பட்டைக்குள் முழுமையாக அடங்கும், சார்பின் மதிப்பு எங்கும் ஒன்றாகவே உள்ள மூடிய சமமதிப்பு வளையம்தான். ப = 1, ப = −1 ஆகிய கோடுகளில் சார்பின் மீச்சிறு மதிப்பு 0.375, ஆகவே பட்டைக்குள் சார்பு 0.375க்குக் குறைவாக உள்ள பகுதியை மட்டுமே உறுதியாகச் சொல்லலாம். ப = 0 எனில் வேகத்தின் அளவு ஏறத்தாழ 0.866க்குள் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

‘பட்டைக்குள்’ என்ற நிபந்தனையை விட்டுவிடக் கூடாது. ப = 3, வ = 0 என்ற இடத்தில் சார்பின் மதிப்பு −13.5, அதுவும் 0.375க்குக் குறைவுதான், ஆனால் அங்கிருந்து புறப்படும் பாதை விலகியே போகும். ஆதிப்புள்ளியோடு தொடர்ச்சியாக இணைந்த துண்டை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.

கட்டுப்பாட்டு உள்ளீட்டைச் செயல்படுத்தும் கருவியான ஆக்சுவேட்டரின் வரம்பை மறப்பது அடுத்த தவறு. ஒரு நிலைமாறியின் மாறுவீதம், அந்த மாறியும் கட்டுப்பாட்டு உள்ளீடும் சேர்ந்த கூட்டுத்தொகை என்றும், உள்ளீட்டின் அளவு 1ஐத் தாண்ட முடியாது என்றும் கொள்வோம். மாறியை −3ஆல் பெருக்கி உள்ளீடாகத் தந்தால், காகிதத்தில் எல்லாத் தொடக்க நிலைகளும் மீளும். உண்மையில் மாறியின் அளவு 1க்குக் குறைவாக இருந்தால்தான் மீளும். பெருக்கத்தை 3இலிருந்து 30 ஆக்கினாலும் இந்த எல்லை இம்மியும் நகராது.

சிமுலேஷனை மட்டும் நம்புவோரும் உண்டு. விலகி ஓடும் ஒரே பாதை, ஒரு மதிப்பீடு தவறு என்று காட்டப் போதும். குவியும் ஆயிரம் பாதைகளோ, அவற்றுக்கு இடைப்பட்ட புள்ளிகளைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை.

கிடைத்த பகுதி சிறியது என்பதால் கட்டுப்பாட்டையே குறைசொல்வதும் சரியன்று. மேற்சொன்ன அமைப்பிலேயே வேறொரு சார்பைத் தேர்ந்தால் வேறொரு பகுதி கிடைக்கும், அமைப்போ மாறுவதில்லை. ஆகவே இரண்டு கட்டுப்பாடுகளை அவற்றின் மதிப்பீட்டுப் பரப்புகளால் மட்டும் ஒப்பிடுவோர், பல நேரங்களில் சார்புகளைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.