பிரதியிடல் முறையில் விடை எங்கே கெடுகிறது?

இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளைத் தீர்க்கும் வழிகளில் ஒரு மாறியை மற்றதன் வழியாக எழுதி அடுத்த சமன்பாட்டில் இடும் பிரதியிடல் முறைதான் தொடங்குவோருக்கு எளிது என்பது என் கருத்து. இவ்விரண்டையும் எடுத்துக்கொள்வோம்.

3ப + ம = 7 … (1)
5ப − 2ம = 8 … (2)

படி 1: கெழு (மாறியைப் பெருக்கும் எண்) 1 ஆக உள்ள மாறியைத் தேடுங்கள். (1)-இல் ம அவ்வாறு இருப்பதால், பின்னம் எதுவும் வராமல் ம = 7 − 3ப என்று எழுதிவிடலாம். எந்த மாறிக்கும் கெழு 1 அல்லது −1 இல்லாவிட்டால் நான் நீக்கல் முறைக்குப் (சமன்பாடுகளைக் கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை நீக்கும் வழி) போய்விடுவேன்.

படி 2: கிடைத்த கோவையை (2)-இல் ம உள்ள இடத்தில், அடைப்புக்குறியுடன் எழுதுங்கள். மறந்துபோய் (1)-இலேயே பிரதியிட்டால் 7 = 7 என்றுதான் வரும்.

5ப − 2(7 − 3ப) = 8

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும். வெளியிலுள்ள −2, உள்ளேயிருக்கும் இரண்டு உறுப்புகளையுமே பெருக்க வேண்டும் என்பதால் −3ப என்பது +6ப ஆகிறது.

5ப − 14 + 6ப = 8
11ப = 22
ப = 2, ம = 7 − 6 = 1

படி 4: சரிபார்ப்பதை (2)-இல் செய்யுங்கள். மேலே +6ப-க்குப் பதிலாக −6ப என்று எழுதியிருந்தால் ப = −22, ம = 73 என்று கிடைத்திருக்கும்; அவற்றை (1)-இல் இட்டால் −66 + 73 = 7 என்று கச்சிதமாகப் பொருந்தவும் செய்யும். ம-வின் மதிப்பையே (1)-இலிருந்து எடுத்ததால், ப எதுவாக இருந்தாலும் அச்சமன்பாடு பொருந்தித்தான் தீரும். (2)-இல் இட்டால் −110 − 146 = −256 என வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

வரைபடம் வரையும் ஜியோஜிப்ரா செயலியில் இச்சமன்பாடுகளுக்குரிய இரண்டு கோடுகளும் (2, 1) என்ற புள்ளியில் வெட்டுவதைப் பார்க்கலாம். ஆனால் முதலில் கையால் போடுங்கள், அதுவும் பேனாவால். அழித்துவிட்ட வரியில் குறி எங்கே மாறியது என்று தேட முடியாது.

பிற்சேர்க்கை: சில கணக்குகளில் இரு மாறிகளுமே மறைந்துவிடும், அது பிழையன்று. (2)-க்குப் பதிலாக 6ப + 2ம = 14 இருந்தால் 14 = 14 என்று வரும்; இரண்டும் ஒரே கோடு என்பதால் தீர்வுகள் எண்ணற்றவை. 6ப + 2ம = 10 இருந்தால் 14 = 10 என்று வரும்; கோடுகள் இணையானவை என்பதால் தீர்வே இல்லை.